வடகரை மன்னனுக்கு ஓர் ஆசனம்

முன்னொரு காலத்தில், சிரித்தால் சவுக்கடி என்று சட்டம் போட்ட ஓர் அரசன் இருந்தான். பிறவியிலேயே கொடியவன் என்று நினைத்துவிட வேண்டாம். மூன்று மாதம் முன்புவரை அவனே வயிறு குலுங்கச் சிரிப்பவன்தான். ஆற்றின் வடகரையை ஆண்ட மன்னன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனான். அங்கேதான் வந்தது வினை. வடகரை மன்னன் வாசலுக்கு வந்து, வரவேற்பு மாலையை இவன் கழுத்தில் போடாமல் இவனுடைய குதிரையின் கழுத்தில் போட்டான். "மன்னிக்க வேண்டும், ராஜகளை எந்த முகத்தில் இருக்கிறதென்று பார்த்துப் போட்டேன்" என்றான். கூடியிருந்த ஐந்நூறு பேரும் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து அரசனுக்குச் சோறு இறங்கவில்லை. எங்கே யார் சிரித்தாலும் அந்தக் குதிரையை நினைத்துத்தான் சிரிக்கிறார்கள் என்று பட்டது. "என் மனம் எரியும்போது இந்த நாட்டில் ஒருவரும் சிரிக்கக் கூடாது" என்று முரசறைந்தான். முதலமைச்சர் வீரபோகர், "தக்க ஆணை, மன்னா!" என்று முதல் ஆளாகக் கைகூப்பினார். சிரிப்பு செத்தால் அரண்மனையில் விகடகவிக்கு என்ன வேலை என்று அவருக்கு உள்ளூரக் கும்மாளம்.

அந்த விகடகவியின் பெயர் ஆவுடையான். சட்டம் வந்த பதினோராம் நாள் அவன் மனைவி அரும்பாயி சந்தைக்குப் போயிருந்தாள். வெற்றிலைக்காரர் ஒருவர், "எவன்டா என் தலைப்பாகையை எடுத்தது?" என்று சந்தையே அதிரக் கத்திக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஓர் ஆடு அந்தத் தலைப்பாகையின் கடைசி முழத்தை நிதானமாக மென்றுகொண்டிருந்தது. அரும்பாயி சிரித்துவிட்டாள். வெள்ளிக்கிழமை உச்சியில் இருபது சவுக்கடி என்று தீர்ப்பாயிற்று.

புதன்கிழமை ஆவுடையான் சிறைக்கு ஓடினான்.

"அழுதியா?" என்றான், கம்பியைப் பிடித்துக்கொண்டு.

"எதுக்கு அழணும்? அந்த ஆட்டை நெனச்சுக்கிட்டு இருக்கேன்." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு பொங்கியது.

"அடியேய், வாயைப் பொத்து! இன்னும் இருபது ஏத்திருவானுங்க."

"ஏத்தட்டும்யா. கம்பிதான் அவங்களுது. ஆடு என்னுது."

அவளால் முடிந்தது அவனால் முடியவில்லை. சிறையிலிருந்து அரண்மனைவரை பல்லைக் கடித்துக்கொண்டே நடந்தான். நடுவில் எந்தத் தெரு வந்தது, யார் கும்பிட்டார்கள் என்று எதுவும் தெரியவில்லை. அரசனின் முகமும் வீரபோகரின் முகமும்தான் தெரிந்தன.

வாசலில் கட்டியக்காரர் தாண்டவன் கோலைக் குறுக்கே நீட்டினார்.

"என் சம்சாரம் கம்பிக்குள்ள கெடக்குறா, நீர் கோலை நீட்டுறீரே ஓய்!"

"நான் என்னய்யா பண்ணட்டும்? வீரபோகர் உத்தரவு. சாமியே வந்தாலும் நான் பேரைச் சொல்லணும், மன்னர் 'வரட்டும்'னு சொல்லணும். அப்புறந்தான் உள்ள விடணும். தப்பினா என் தலை போயிரும்."

ஒரு நாழிகை வெயிலில் நின்றான் ஆவுடையான். உள்ளங்கால் கொதித்தது, அதைவிட உள்ளம் கொதித்தது. பக்கத்தில் வழக்கு சொல்ல வந்த ஒரு கைம்பெண் மூன்று நாளாக நிற்பதாகச் சொன்னாள். எல்லாரும் நிற்க வேண்டும். ஆனால் அந்த வடகரையான் மட்டும், எந்நேரமும், யாரையும் கேட்காமல் அரசன் நெஞ்சுக்குள் போய்வருகிறானே! இப்படி நினைத்த மறுகணம் அவனுக்குச் சுருக்கென்றது. சிறையிலிருந்து இங்கே வரும்வரை தானும் அப்படி இரண்டு பேரைத் தலையில் தூக்கிச் சுமந்து வந்திருப்பது அப்போதுதான் தெரிந்தது.

உள்ளே போனதும் மனைவியை விடச் சொல்லிக் கேட்டான். அரசன் பெருமூச்சு விட்டான்.

"நானா மகிழ்ச்சி வேண்டாம் என்கிறேன், ஆவுடையா? அந்த வடகரையான் என் நெஞ்சுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு எழ மாட்டேன் என்கிறான்."

வீரபோகர் குனிந்தார். "மன்னா, விகடகவி மகா கெட்டிக்காரர். அவரே அவனை வெளியேற்றட்டும். வெள்ளிக்கிழமை உச்சிக்குள் முடியாவிட்டால், மனைவிக்கு இருபது, அவருக்கும் இருபது."

"அப்படியே ஆகட்டும்" என்றான் அரசன்.

"சம்மதம்" என்றான் ஆவுடையான். "ஆனால் வெளியேறும்வரை அவர் நம் சபைக்கு வந்த அரசர். முறை தவறக் கூடாது. வீரபோகரே, வேற்று நாட்டரசர் வந்தால் என்ன முறை?"

முறை என்றதும் வீரபோகரின் மார்பு நிமிர்ந்தது. "கட்டியம் கூற வேண்டும். சபை எழ வேண்டும். அரியணைக்கு அருகே ஆசனம் போட வேண்டும். முதலமைச்சரே தாம்பூலத் தட்டு நீட்ட வேண்டும்."

"அப்படியே செய்வோம். மன்னா, அவர் உங்கள் நெஞ்சுக்குள் வரும்போதெல்லாம் விரலை மட்டும் உயர்த்துங்கள்."

அரியணைக்கு அருகே பட்டு விரித்த ஆசனம் வந்தது. சற்று நேரத்தில் அரசன் விரல் உயர்ந்தது.

"பராக்! வடகரை மன்னர் எழுந்தருள்கிறார், பராக்!" என்று முழங்கினார் தாண்டவன். சபை எழுந்தது. வீரபோகர் காலி ஆசனத்துக்குத் தாம்பூலம் நீட்டினார். எல்லாரும் உட்கார்ந்தார்கள். விரல் மறுபடி உயர்ந்தது. எழுந்தார்கள். பொழுது சாய்வதற்குள் வீரபோகரின் முழங்கால் கழன்றுவிடும்போல் ஆயிற்று.

மறுநாள் சாப்பாட்டில் இரண்டு இலை விழுந்தது. விருந்தாளி இலைக்குத்தான் முதல் நெய். குளிக்கும் அறை வாசலில் "பராக்!" அந்தப்புரத்துக் கதவருகில் "பராக்!" அரசி தலையில் அடித்துக்கொண்டாள். "இந்த ஆளை இங்கேயுமா கூட்டிக்கொண்டு வந்தீர்கள்?"

வெள்ளிக்கிழமை காலை, சபையில் எட்டாவது முறையாக எல்லாரும் எழுந்தபோது அரசன் கத்தினான்: "யார் அவனுக்கு இத்தனை மரியாதை செய்யச் சொன்னது?"

ஆவுடையான் மூன்று நாளாக அடக்கியது வெடித்தது.

"நீங்கள்தான், மன்னா! நீதி கேட்டு வந்த பெண் ஐந்து நாளாக வெயிலில் நிற்கிறாள். நான் நின்றேன். உங்களை அவமதித்த ஒருவருக்கு மட்டும் கோலும் இல்லை, காவலும் இல்லை. நேரே உள்ளே வருகிறார், உங்கள் சோற்றைத் தின்கிறார், உங்கள் தூக்கத்தைத் தூங்குகிறார். அவரோ அந்தக் கல்யாணத்தையே மறந்து வடகரையில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்! மூன்று மாதத்தில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, 'வர வேண்டாம்' என்று சொல்லிப் பார்த்தீர்களா? நெஞ்சு யாருடையது, மன்னா? அங்கே 'வரட்டும்' என்று சொல்கிறவர் யார்? அதற்கு என் மனைவியின் முதுகா விலை?"

"மன்னரிடம் இப்படிப் பேசுவதா!" என்று சீறினார் வீரபோகர்.

அரசனின் விரல் மெல்ல உயர்ந்தது. தாண்டவன் மூச்சை இழுத்தார், ஆனால் முழங்கவில்லை. வாசலில் கேட்பதுபோல் தாழ்ந்த குரலில் கேட்டார்:

"வடகரை மன்னர் வாசலில் நிற்கிறார். வரட்டுமா, மன்னா?"

அரசன் கண்ணை மூடினான்.

"நிற்கச் சொல்" என்றான். பிறகு, "இன்றைக்கு வேறு வேலை இருக்கிறதென்று சொல்" என்றான். இன்னும் சற்று நேரம் கழித்து அவன் மீசை துடித்தது. "குதிரையை மட்டும் உள்ளே விடு."

"குதிரையையா?" என்றான் ஆவுடையான்.

"அந்த மாலையை அது அங்கேயே தின்றுவிட்டது, ஆவுடையா! முதலில் மரிக்கொழுந்து, அப்புறம் மல்லிகை, கடைசியில் நார். தின்றுவிட்டு அவன் மூஞ்சியிலேயே தும்மியது. நான் இத்தனை நாள் அதை நினைக்கவே இல்லையே!"

அரசன் சிரித்தான். அரியணையின் கையைப் பிடித்துக்கொண்டு, கிரீடம் சரியச் சிரித்தான். சபை கல்லாய் நின்றது.

"ஏன் ஒருவரும் சிரிக்கவில்லை?"

"சட்டம், மன்னா" என்றார் வீரபோகர் ஈனக் குரலில்.

அரசன் சட்டம் எழுதிய ஓலையை வாங்கி இரண்டாகக் கிழித்தான். தன் பட்டுச் சால்வையை எடுத்து ஆவுடையான் தோளில் போர்த்தி, "இன்னும் என்ன வேண்டும், கேள்" என்றான்.

"அந்தப் பெண்ணின் வழக்கை இன்றே கேட்க வேண்டும்" என்றான் ஆவுடையான். அவன் முகத்தில் இன்னும் சிரிப்பு வரவில்லை. "அதற்கு முன் சிறைக்கதவை நீங்களே போய்த் திறக்க வேண்டும்."

உச்சிப்பொழுதில் அரசன் பரிவாரத்தோடு சிறை வாசலுக்குப் போனான். தாண்டவன், "பராக்! மன்னர் எழுந்தருள்கிறார், பராக்!" என்று முழங்கினார்.

உள்ளேயிருந்து அரும்பாயியின் குரல் வந்தது.

"கொஞ்சம் நிக்கச் சொல்லுங்க. தலை பின்னிக்கிட்டு இருக்கேன்."

வீரபோகர் பதறிப்போய்க் கதவைத் தட்டப் போனார். அரசன் அவர் கையைப் பிடித்து நிறுத்தினான். அவனுக்கு மறுபடி சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே, அந்த வெயிலில், அவள் "வரட்டும்" என்று சொல்லும்வரை நின்றான்.