வீட்டுக்கு ராஜா வந்த வெள்ளிக்கிழமை

ஒரு வீட்டுக்கு ராஜா வருகிறார் என்றால், அதுவரை அங்கே ராஜாங்கம் பண்ணிக்கொண்டிருந்தவர்கள் என்ன ஆவார்கள்? யோசித்துக்கொண்டே கேளுங்கள்.

பிரகாசி வாழ்க்கைப்பட்ட வீட்டில் திரு இருதய ஆண்டவரான இயேசுவின் படத்தை அரியணை ஏற்ற நாள் குறித்தாயிற்று. இனி வீட்டுக்கு அவரே ராஜா. பங்குச்சாமியார் முன்கூட்டியே சொல்லிவிட்டார்: "ஆளுக்கு ஒண்ணு ராஜாவுக்கு ஒப்புக்கொடுங்க. விட மனசு வராததாப் பார்த்துக் கொடுங்க. கொடுத்ததைத் திரும்ப எடுக்காதவங்க யாரோ, அவங்க அன்னைக்கு அரியணை ஏத்துற ஜெபத்தை வாசிக்கட்டும்."

அந்த ஜெபத்தின் மேல் பிரகாசிக்குக் கொள்ளை ஆசை. வந்து ஆறு வருஷத்தில் என்ன குழம்பு வைப்பது என்றுகூட அவள் முடிவு செய்ததில்லை. நாலு பேர் முன்னால் ஒரு தடவையாவது தன் குரல் கேட்கட்டும் என்று, மாவு அரைக்கும்போதும் பிள்ளையைக் குளிப்பாட்டும்போதும் சொல்லிச் சொல்லிப் பழகினாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தெரு ஜனம் கூடிவிட்டது. மாமியார் அமலோற்பவம் மூக்குக்கண்ணாடியை பீரோவில் பூட்டினாள், பேரன் உடைத்துவிடுவானாம். பிறகு சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து உருவி, படம் தொங்கிய ஆணியில் பெருமையாக மாட்டினாள். கணவன் இஞ்ஞாசி தன் சாய்வு நாற்காலியைப் படத்தின் கீழே போட்டு, "சிம்மாசனம்!" என்றான்.

பிரகாசி ஜெபத்தாளை மடித்து மாமியாரிடம் நீட்டினாள். "என்கிட்ட இருந்தது இந்த ஒரு ஆசைதான் அத்தே. அதைக் கொடுத்திட்டேன். நீங்களே வாசிங்க."

சாமியார் வர அரை மணி தாமதம். இஞ்ஞாசிக்கு முழங்கால் கடுத்தது. நைசாக நாற்காலியில் உட்கார்ந்தான்.

"ஏலே, அது ராஜாவுக்குள்ளது!"

"ஓரத்துலதாம்மா இருக்கேன்."

காப்பிக்குச் சீனி போதவில்லை. சீனி டப்பாவும் பீரோவில்தான். அமலோற்பவம் எட்டிச் சாவியை எடுத்தாள். "விருந்தாளிக்குத்தானே! ராஜா கோவிக்க மாட்டார்." சீனியை எடுத்த கையோடு சாவியைப் பழையபடி மாட்டிவிட்டாள்.

சாமியார் வந்தார், நடந்ததைக் கேட்டார், தலையைச் சொறிந்தார். கொடுத்ததைத் திரும்ப எடுக்காதவள் பிரகாசி ஒருத்திதான். ஆனால் அவள் வாசித்தால், கொடுத்ததைத் திரும்ப எடுத்ததாகிவிடும். வாசிக்காவிட்டால் சாமியார் சொன்ன சொல் போய்விடும்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள்: ஜெபத்தை யார் வாசிப்பது சரி?

விடை: பிரகாசிதான். ராஜாவிடம் கொடுத்ததை நாமாக எடுக்கத்தான் கூடாது. அவராகத் தந்தால் வாங்கிக்கொள்ளலாம். எப்படித் தந்தார் என்கிறீர்களா? அமலோற்பவம் தாளைப் பிரித்தாள். எழுத்தெல்லாம் எறும்பாக ஊர்ந்தது. கண்ணாடி பீரோவில், சாவி ஆணியில். கை பழக்கத்தில் மேலே போயிற்று. படத்தைப் பார்த்தாள், பாதியிலேயே கையை இறக்கிக்கொண்டாள். அதைப் பார்த்த இஞ்ஞாசியும் நாற்காலியை விட்டு எழுந்தான். அவள் தாளை மருமகள் கையில் வைத்தாள்.

"எம்மா பிரகாசி, நீயே வாசி தாயி. மெதுவா வாசி, நானும் பின்னாலேயே சொல்லணும்லா."