தடித்த பைக்கற்

குகதாசனுக்கு வயிறு எரியத் தொடங்கி ஒரு மாதம் ஆகிவிட்டது. மருந்துக்கடைக் குளிசையில் தீருகிற எரிவு அல்ல அது.

கனடாவில், ஸ்காபரோவில் பஸ் ஓட்டுகிற அவரும், சிநேகிதர் நேசராசாவும் ஹொக்கி கார்ட் சேர்க்கிறவர்கள். பனித்தரையில் விளையாடுகிற வீரர்களின் படம் போட்ட கார்ட்டுகள், உள்ளே யார் இருக்கிறார் என்று தெரியாதபடி ஒட்டிய பைக்கற்றில் வரும். எப்போதாவது ஒன்றில் வீரரே கையெழுத்துப் போட்ட கார்ட் கிடைக்கும். அந்த ஒன்றுக்காகத்தான் இந்தப் பாடெல்லாம்.

இருவருக்கும் இந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தவர் கார்ட் கடை வைத்திருக்கும் தர்மினி. வயதில் இருவருக்கும் இளையவர். சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு எடுப்பதால் எல்லோருக்கும் அவர் ரீச்சர், இவர்களுக்கும் அப்படியே.

போன மாதம் இருவரும் சேர்ந்து ஒரு பெட்டி வாங்கிப் பங்கு போட்டார்கள். கடைசியில் இரண்டு பைக்கற் மிஞ்சின. குகதாசன் ஒன்றைக் கையில் எடுத்துவிட்டார். எடுத்தவர் சும்மா இருக்காமல் மற்றதை விரலால் அமுக்கிப் பார்த்தார். அது தடிப்பாக இருந்தது. கையெழுத்துக் கார்ட் பெரும்பாலும் தடித்த அட்டையில்தான் வரும்.

“மச்சான், நீ இதை எடு” என்று தன் கையில் இருந்த மெல்லியதை நேசராசாவிடம் திணித்துவிட்டு, தடித்ததை எடுத்துக்கொண்டார்.

தடித்ததற்குள் ஒரு வெள்ளை மட்டை இருந்தது. இப்படி அமுக்கிப் பார்க்கிற கெட்டிக்காரர்களுக்கென்றே கொம்பனிக்காரர் வைக்கிற வெறும் மட்டை. மெல்லியதற்குள் இருந்தது புது ஆட்டக்காரன் லெமுவானின் கையெழுத்து.

அன்றிலிருந்து குகதாசன் மாட்ச் பார்ப்பதெல்லாம் லெமுவான் கோல் போடக்கூடாது என்பதற்காகத்தான். போட்டால் நேசராசாவின் கார்ட்டுக்கு மவுசு கூடிவிடுமே! போன வியாழக்கிழமை அந்தப் பையன் பனித்தரையின் ஓரச் சுவரில் மோதி, எழும்ப முடியாமல் பனியில் கிடந்தான். குகதாசன் சோபாவிலிருந்து துள்ளி எழும்பிக் கை தட்டினார். சாப்பாட்டுக் கோப்பையோடு வந்த மகள் நின்று அவரைப் பார்த்தாள். கோப்பையோடு அப்படியே திரும்பி உள்ளே போய்விட்டாள்.

மகளின் அந்தப் பார்வைதான் அவரை ரீச்சரின் கடைக்குக் கொண்டுவந்தது.

“ரீச்சர், ஒரு பெடியன் விழுந்து கிடக்க நான் கை தட்டினனான்.”

“ஏன் அண்ணை?”

“அவன்ர கையெழுத்து நேசனிட்டக் கிடக்கெல்லோ. அதுதான்.”

“உங்களிட்டயும் லெமுவான்ர கார்ட் இருக்கே.”

“அது கையெழுத்தில்லாதது. எல்லாரிட்டயும் கிடக்கு.” மேசையில் கையை ஊன்றினார். “உண்மையா அது என்ர பைக்கற், ரீச்சர். நான்தான் முதல்ல எடுத்தனான். இப்ப விளையாட்டே வெறுத்துப்போச்சு. நேசன்ர முகத்தைப் பாக்கேலாமக் கிடக்கு. இதுக்கு நான் என்ன செய்யிறது?”

 ரீச்சர் போனை எடுத்து நேசராசாவைக் கடைக்குக் கூப்பிட்டார்.

நேசராசா இரண்டு கோப்பியோடு வந்தார். “இந்தா மச்சான், உனக்குச் சீனி போடாதது” என்று ஒன்றை நீட்டினார். குகதாசன் வாங்கி, குடிக்காமல் வைத்தார்.

ரீச்சர் மேசையில் இரண்டு பைக்கற்றை வைத்தார்.

“ஆளுக்கு ஒண்டு. நான் தாறன். அண்ணை, நீங்கள் முதல்ல எடுங்கோ. அமத்திப் பாக்கிறதெண்டாலும் பாருங்கோ.”

குகதாசன் அமுக்கிப் பார்த்தார். வெட்கம் இருந்தது, ஆனாலும் பார்த்தார். இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. இடது பக்கத்தை எடுத்தார், வைத்தார், வலது பக்கத்தை எடுத்தார். மறுபடியும் இடது பக்கத்துக்கே வந்து அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

நேசராசா மிஞ்சியதை எடுத்துக் கிழித்தார்.

கார்ட்டுகள் ஒவ்வொன்றாக மேசையில் விழுந்தன. குகதாசன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். ஒரு சாதாரண ஆட்டக்காரன். இன்னொருவன். ஒரு கிழட்டுக் கோல் காப்பாளர். அவ்வளவுதான், பைக்கற் வெறுமையாகிவிட்டது.

குகதாசனுக்கு நெஞ்சு குளிர்ந்தது.  மாட்ச் பார்க்கும்போது துள்ளியதைப் போலவே துள்ளிக் குதித்தார்.

“பாத்தீங்களோ ரீச்சர், அவனுக்கு ஒண்டுமில்லை!”

வாய்விட்டே சொல்லிவிட்டார். நேசராசா கையில் கார்ட்டுகளோடு அவரை நிமிர்ந்து பார்த்தார். வீட்டில் மகள் பார்த்த அதே பார்வை.

ரீச்சர் குகதாசனின் கையைக் காட்டினார்.

“அண்ணை, உங்கட பைக்கற்றை நீங்கள் இன்னும் உடைக்கேல்லை.”