துணி ஆட்டிடம் கேட்ட மன்னிப்பு

சேலத்து நாடகக் குழுவொன்றில் இருபத்தெட்டு ஆண்டுகள் அரசனாகவும் தளபதியாகவும் நின்று பேர் வாங்கிய பரஞ்சோதி என்னும் நடிகருக்கு, ஏற்காட்டு மலைவீடு ஒன்றில், ஓர் ஆட்டின் முன்னால் நடிப்பு வரவில்லை.

அந்த ஆடு துணியால் தைக்கப்பட்டது.

கோடை விடுமுறைக்கு வெளிவரவிருந்த குடும்பப் படம் அது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தனியாக வாழ்கிறார். வெள்ளையம்மா என்னும் ஆடு அவரிடம் அடைக்கலமாக வருகிறது. அதற்குப் பேச்சு வராது, சொன்னதெல்லாம் புரியும். மறைந்த மனைவி எழுதிய கடிதங்களை அது தின்றுவிட்டதாக எண்ணி, நீதிபதி அதைக் கொட்டும் மழையில் துரத்துகிறார். பின்னர் அக்கடிதங்கள் அவருடைய பெட்டிக்குள்ளேயே கிடைக்கின்றன. ஆட்டைத் தேடிப் பிடித்து, அதன் எதிரில் அமர்ந்து, அவர் மன்னிப்புக் கேட்கிறார்.

பரஞ்சோதி முதன்முதலாகக் கதாநாயகராக நடித்த படம் அது. இந்த ஒரு காட்சிக்காகவே அவர் ஒப்புக்கொண்டிருந்தார். அந்தக் காட்சிதான் வரவில்லை. பதினொரு முறை எடுத்தும் பயனில்லை.

இயக்குநர் மதுமிதா அவரைத் தனியே அழைத்தார்.

“சார், வீட்டுக்காரங்க சாயந்தரம் சாவி கேட்கிறாங்க. சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரே ஒரு தடவை எடுப்போம். வரலைன்னா மன்னிப்பே வேண்டாம். ஆடு உங்களை முட்டித் தண்ணித் தொட்டியில தள்ளிடட்டும். பிள்ளைங்க சிரிச்சிடுவாங்க.”

“உங்களுக்கு அது போதுமா?”

“எனக்குப் போதாது சார். ஆனா படம் முடியணுமே.”

பரஞ்சோதி தாழ்வாரத்துக்குத் திரும்பினார். அங்கே அவருடைய ஆசிரியை வேதநாயகி பெஞ்சில் அமர்ந்து, தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். நாடகக் குழுவை நடத்துபவர் அவர். பள்ளியில் தமிழ் கற்பித்தவர் ஆகையால் குழுவினர் அவரை டீச்சர் என்றே அழைத்தனர். சீடரைவிட இரண்டு வயது இளையவர். முதல்நாள் சீடர் தொலைபேசியில் வேண்டிக்கொண்டதால், காலைப் பேருந்தில் மலையேறி வந்திருந்தார். கடைசி மூன்று முறை எடுத்ததைக் கேமராவுக்குப் பின்னால் நின்று பார்த்தும் இருந்தார்.

“ஊறுகாய் நல்லா இருக்கு,” என்றார்.

“நான் ஊறுகாயைப் பத்திக் கேட்கக் கூப்பிடல, டீச்சர்.”

“தெரியும். கேளுங்க.”

“இது பிள்ளைங்க படம். லீவுக்குக் குடும்பத்தோட வந்து, முறுக்கு தின்னுக்கிட்டே பார்க்கப்போறாங்க. எதிர்ல இருக்கிறது டவல் துணியில தைச்ச ஆடு. இதுல நான் மெய்யா நடிச்சா என்ன, மேலோட்டமா நடிச்சா என்ன?”

“மேலோட்டமா நடிச்சுத்தான் பார்த்தீங்களே. வந்துச்சா?”

“வரல.”

“மெய்யா நடிச்சுப் பார்த்தீங்களா?”

பரஞ்சோதி சற்றே தயங்கினார். “சிரிப்பாங்களோன்னு இருக்கு.”

“யாரு?”

“நம்ம குழுவுல இருக்கிறவங்கதான். ராஜாவா நின்ன ஆளு, பொம்மைகிட்ட கண்ணைக் கசக்குறான்னு சொல்லுவாங்க.”

“அதனாலதான் வசனம் முடியறப்ப உதட்டோரத்தை லேசா இழுக்கிறீங்களா?”

அவருடைய விரல் தானாக உதட்டுக்குப் போயிற்று. “தெரியுதா?”

“மூணு தடவையும் தெரிஞ்சுது. ‘நான் ஏமாறல, இது பொம்மைன்னு எனக்கும் தெரியும்’னு பார்க்கிறவங்களுக்கு ரகசியமாச் சீட்டு அனுப்புற மாதிரி இருக்கு.”

டீச்சர் ஒரு கவளம் உண்டார்.

“எனக்கு ஒரு சந்தேகம்,” என்றார். “தியேட்டர்ல பிள்ளைங்க யாரைப் பார்ப்பாங்க, ஆட்டையா, உங்களையா?”

“ஆட்டைத்தான்.”

“ஆட்டுக்குப் பொத்தான் கண்ணு. அது வருத்தமா இருக்கா, சந்தோஷமா இருக்கான்னு எங்கே பார்த்துத் தெரிஞ்சுக்குவாங்க?”

பரஞ்சோதி யோசித்தார். “எம் மூஞ்சியிலயா?”

“எனக்குத் தெரியாது. அதனாலதான் கேட்கிறேன். இன்னொன்னு. அந்த நீதிபதிக்குத் தெரியுமா?”

“எது?”

“அது பொம்மைன்னு.”

“அவருக்கு எப்படித் தெரியும்? கதையில அது ஆடு.”

“அப்ப நீதிபதியா உட்கார்ற உங்களுக்கு யாரு சொன்னது?”

“இது வெறும் பேச்சு, டீச்சர்,” என்றார் பரஞ்சோதி. குரலில் கோபம் எட்டிப் பார்த்தது. “பேச நல்லா இருக்கு. அங்கே போய் உட்கார்ந்தா வர மாட்டேங்குது.”

“சரி. ஆட்டைக் கூப்பிடுங்க.”

காட்சி எடுக்கையில் மேஜைக்கு அடியில் ஒளிந்து, ஆட்டைக் கையில் மாட்டி இயக்குபவர் கதிரேசன். உணவு இடைவேளையிலும் அவர் அதைக் கழற்றுவதில்லை. சாப்பிடும்போது மட்டும் வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றிக்கொள்வார். கையைக் கழுவிவிட்டு, ஆட்டை மீண்டும் வலக்கையில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

டீச்சர் எழுந்து ஆட்டை உற்றுப் பார்த்தார்.

“இதுக்கு எந்தக் கண்ணு நல்லாத் தெரியும்?”

பரஞ்சோதிக்குச் சிரிப்பு வந்தது. கதிரேசனுக்கு வரவில்லை.

“இடது கண்ணும்மா. வலது பொத்தான் கொஞ்சம் தளர்ந்துபோச்சு. அதனால பேசறவங்க பக்கம் இடது கண்ணைத்தான் காட்டும்.”

“கேட்கிறப்ப அசைபோடுமா?”

“சும்மாப் பேச்சுன்னா போடும். மனசுல பட்டா நிறுத்திடும்.”

“சார் பேசறப்ப நிறுத்துச்சா?”

கதிரேசன் பரஞ்சோதியைப் பார்த்தார்.

“சொல்லு தம்பி,” என்றார் பரஞ்சோதி.

“இல்லம்மா. சார் ஆட்டைப் பார்க்கிறதில்ல. மேஜைக்கு அடியில இருக்கிற என்னைப் பார்க்கிறார். அவர் என்னைப் பார்த்த உடனே என் கை வெறும் கையாப் போயிடுது.”

“நான் எங்கேப்பா உன்னைப் பார்த்தேன்?”

“பதினோரு தடவையும் பார்த்தீங்க சார். நாலாவது தடவை கண்ணடிச்சீங்க.”

டீச்சர் அதற்குச் சிரிக்கவில்லை. வசனத் தாளைக் கேட்டு வாங்கி, ஒருமுறை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். தாழ்வாரத்துக் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் கதிரேசன் குந்தினார். சுவரின்மேல் ஆடு தலை நீட்டியது. இரும்பு நாற்காலியொன்றை எதிரில் இழுத்துப் போட்டு டீச்சர் அமர்ந்தார். சீடர் ஒதுங்கிப் பெஞ்சில் அமர்ந்தார்.

“வெள்ளையம்மா,” என்றார் டீச்சர். “உன்னை ஒரு வார்த்தை கேட்காமலே தீர்ப்புச் சொல்லிட்டேன். தப்பு என்னோடது.”

தாளில் இருந்தது அவ்வளவுதான். ஆடு அசைபோட்டுக்கொண்டிருந்தது. டீச்சர் எழுந்திருக்கவில்லை.

“இன்னொன்னும் சொல்லணும். தர்மபுரியில போட்ட நாடகம். பத்தொன்பது வருஷம் ஆகுது. அதுல ராஜா வேஷம் உன்னோடது. நாலு மாசம் நீ பாடுபட்டு உருவாக்கின வேஷம். சென்னையிலேருந்து பெரியவங்க பார்க்க வர்றாங்கன்னு தெரிஞ்சதும் எனக்குப் பயம் வந்துடுச்சு. இன்னொருத்தனுக்குக் குரல் உன்னைவிடப் பெரிசு. திரை தூக்க ஒரு மணி நேரம் இருக்கிறப்ப, உனக்குத் தொண்டை கட்டியிருக்குன்னு எல்லார்கிட்டயும் சொல்லி, வேஷத்தை அவனுக்குக் குடுத்துட்டேன்.”

ஆட்டின் தாடை நின்றது.

“உனக்குத் தொண்டை கட்டல. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ எதிர்த்து ஒரு வார்த்தை பேசல. திரைக்குப் பக்கத்துல நின்னு அவனுக்குக் கிரீடத்தை எடுத்துக் குடுத்தே. அதுக்கப்புறம் ஒரு வாரம், யார் வந்து விசாரிச்சாலும் இருமிக் காட்டினே. டீச்சர் பொய் சொன்னாங்கன்னு யாரும் நினைச்சிடக் கூடாதுன்னு.”

சமையற்கட்டு வாசலில் தட்டோடு நின்றிருந்த விளக்குக்காரர் உண்பதை நிறுத்தினார். இயக்குநர் கதவோரம் வந்து நின்றார். டீச்சர் குரலை உயர்த்தவில்லை; கண்ணைத் துடைக்கவுமில்லை. பெஞ்சின் பக்கம் ஒருமுறையேனும் திரும்பவில்லை.

“அந்த இருமல் சத்தம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. ரெண்டு மூணு தடவை இதைப் பேச ஆரம்பிச்சேன். ஒவ்வொரு தடவையும் நடுவுல ஏதாவது வேடிக்கையாச் சொல்லி முடிச்சிட்டேன். இன்னிக்கு வேடிக்கை இல்ல. நான் உனக்குப் பண்ணினது தப்பு. என்னை மன்னிச்சிடு.”

சுவருக்குப் பின்னால் குந்தியிருந்த கதிரேசனுக்குத் தர்மபுரியைப் பற்றி எதுவும் தெரியாது. எனினும் அவர் மணிக்கட்டு மெல்லத் திரும்பிற்று. ஆடு சற்று நேரம் டீச்சரைப் பார்த்தது. பிறகு தலையைத் தாழ்த்தி, சுவரின்மேல் இருந்த அவருடைய கைமீது மோவாயை வைத்தது.

ஒருவரும் சிரிக்கவில்லை.

டீச்சர் மற்றொரு கையால் ஆட்டின் நெற்றியைத் தடவிக் கொடுத்தார். பின்பு நாற்காலியை விட்டு எழுந்தார்.

“டீச்சர்,” என்றார் பரஞ்சோதி. “இப்ப கேட்டது எங்கிட்டயா, ஆட்டுகிட்டயா?”

“ஆட்டுகிட்டதான் பேசினேன்,” என்றார் டீச்சர். “நீங்க ஏன் எழுந்து நிக்கிறீங்க?”

அப்போதுதான் தாம் நின்றுகொண்டிருப்பதைப் பரஞ்சோதி அறிந்தார்.

அவர் நடந்து சென்று, வெறுமையாகக் கிடந்த நாற்காலியில் அமர்ந்தார். இயக்குநர் வாய் திறவாமல் ஒளிப்பதிவாளருக்குக் கையசைத்தார்.

ஆடு காத்திருந்தது.