நாலு மணிக்குள் ஒரு சிரிப்பு

“மாஸ்டர், கேமரா சரியில்லையா, என் கை சரியில்லையா?”

கேட்டவர் அருளப்பன். மோட்டார் ரிப்பேர் கடைக்காரர், வயது ஐம்பத்தொன்று. மாஸ்டர் என்று அவர் கூப்பிட்ட கோமதிக்கு முப்பத்திரண்டு. பாளையங்கோட்டையில் ஸ்டூடியோ வைத்திருக்கிறார். ஆறு மாதமாக ஞாயிறுதோறும் அங்கேதான் அருளப்பன் படம் எடுக்கப் படிக்கிறார். அதில் அவருக்கு வெட்கமும் கிடையாது.

“என்ன ஆச்சு அண்ணாச்சி?”

“இவ சிரிக்க மாட்டேங்கா.”

எதிர் நாற்காலியில் அவர் மனைவி புனிதா. வலது காதுக்குக் கீழே கட்டி. நாளைக் காலையில் ஆபரேஷன். முகத்து நரம்பு கட்டியோடு ஒட்டிக் கிடக்கிறதாம். அதற்கப்புறம் இந்தச் சிரிப்பு இருக்குமா என்று கேட்டதற்கு டாக்டர் கையை விரித்துவிட்டார்.

நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். இப்போது மணி மூன்று.

“போன்ல எடுங்களேன்” என்றார் கோமதி.

“நல்லா சொன்னீங்க. கரண்ட் மீட்டரப் படம் புடிக்கதும் அதுலதான். ஆயுசுக்கும் வச்சுப் பாக்கப்போற படத்தையும் அதுலயா எடுப்பாங்க?”

அருளப்பன் பெரிய கேமராவை முகத்தில் பொருத்தினார். புனிதாவின் உதடு விரிந்தது. கண் அப்படியே இருந்தது.

“சிரி.”

“சிரிச்சிட்டுதான இருக்கேன்.”

லென்ஸை மாற்றினார். விளக்கை நகர்த்தினார். அறுபது படம். அறுபதிலும் ஆதார் கார்டு முகம்.

மணி மூன்றே கால். மனுஷனுக்குப் பயம். அது கோபமாக வெளியே வந்தது.

“சிரிச்சுத் தொலையேன். நாளைக்கு நீயே நெனச்சாலும்...”

நாக்கைக் கடித்துக்கொண்டார்.

புனிதா கட்டியைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

கோமதி எழுந்து வந்து அருளப்பன் கழுத்திலிருந்து கேமராவைக் கழற்றினார்.

“மதினி இருக்கட்டும். நீங்க உக்காருங்க அண்ணாச்சி.”

“எனக்கு எதுக்கு இப்போ?”

“உக்காருங்கன்னேன்.”

மனைவிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கோமதி எதிரே நின்று கேமராவைத் தன் முகத்துக்கு நேரே பிடித்தார்.

“என்னையப் பாத்துச் சிரிங்க.”

அருளப்பன் பார்த்தார். கறுப்புப் பெட்டி. நடுவில் வட்டமாய்க் கண்ணாடி. பல்லைக் காட்டினார். சரியாக வரவில்லை.

“என்னையப் பாருங்க அண்ணாச்சி.”

“எங்க பாக்க? உங்க மூஞ்சியே தெரியலையே மாஸ்டர்.”

சொன்னவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

கோமதி கேமராவை இறக்கவில்லை.

மணி மூன்றரை.

அருளப்பன் நாற்காலியை மனைவி பக்கம் திருப்பிப் போட்டார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து நெஞ்சுக்கு நேரே பிடித்தார். பட்டனில் விரல் இருந்தது. திரையைப் பார்க்க மறந்துவிட்டார். கண் நிறைந்து எதுவும் தெரியவும் இல்லை.

புனிதா அவர் முகத்தையே பார்த்தார்.

“அப்பாடா, வெளிய வந்துட்டீங்களா” என்றவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.