பதினெட்டு ஊசி

ஓர் அறையில் நாலு பேர் இருந்தார்கள். நாலு பேருக்கும் வாய் இருந்தது. பேச வேண்டியதை மட்டும் யாரும் பேசவில்லை. கதை முடிந்ததும் உங்களிடம் ஒரு கேள்வி கேட்பேன். விடையைக் கதைக்குள்ளேயே வைத்திருக்கிறேன், பார்த்துக்கொண்டே வாருங்கள்.

சங்கரன்கோவிலில் ஆவுடையப்பனுக்கு வீட்டை ஒட்டிய கொட்டகையில் நாலு விசைத்தறி. தறி ஓட்டுகிறவர்களுக்கு வாராவாரம் கூலிக் கணக்குப் போடுவது மனைவி கோமதி. காகிதம், பேனா எதுவும் அவளுக்கு வேண்டாம். அவளுடைய அண்ணன் சங்கரபாண்டிக்கு வத்தல் மண்டி, இரண்டு லாரி. கோமதியின் கல்யாணப் பந்தியிலேயே அவர் ஒரு வார்த்தை விட்டார்: "மாப்ளைக்கு நாலு தறி ஓடுதுங்கியளே, கரண்டுல ஓடுதா, கடன்ல ஓடுதா?" பந்தி முழுக்கச் சிரித்தது. இலை முன்னால் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருஷம், மச்சான் இருக்கும் இடத்தில் 'இல்லை' என்ற சொல் ஆவுடையப்பன் வாயிலிருந்து வந்ததே கிடையாது.

கோமதிக்கு மார்பில் புற்றுநோய் வந்தது. காப்பீட்டு அட்டையில் இருந்த பணம் அறுவை சிகிச்சையோடு தீர்ந்தது. இனி ஊசி போட வேண்டும். அதைப் பற்றிப் பேசத் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்கு மூவரும் சங்கரபாண்டியின் காரில் போனார்கள்.

டாக்டர் ஹெலனின் மேசைக்கு எதிரே இருந்த இரண்டு நாற்காலியிலும் ஆண்கள் உட்கார்ந்துகொண்டார்கள். கோமதிக்குக் கிடைத்தது பின்னால், எடை மெஷின் பக்கத்தில் ஒரு ஸ்டூல்.

"மூணு வாரத்துக்கு ஒண்ணு, மொத்தம் பதினெட்டு ஊசி. நடுவுல நிறுத்தக் கூடாது," என்றார் டாக்டர். "ஒரே மருந்தை ரெண்டு கம்பெனி செய்யுது. நம்ம நாட்டுது ஒரு ஊசி பதினஞ்சாயிரம். வெளிநாட்டுது நாப்பத்தஞ்சாயிரம். ரெண்டும் ஒரே மாதிரிதான் கேட்கும். உங்களால எது முடியும்?"

நியாயமான கேள்விதான். மச்சானை வைத்துக்கொண்டு கேட்டதுதான் வினை.

ஆவுடையப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "காசைப் பத்தி யோசிக்காதீங்கம்மா. உசந்ததையே போடுங்க."

நாலு தறியில் இரண்டு பாங்க் அடமானத்தில் இருப்பது சங்கரபாண்டிக்குத் தெரியும். மண்டிக்காரருக்குத் தெரியாத ஊர்க் கடன் உண்டா? அவர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தார். டாக்டர் ஒரு கணம் தயங்கிவிட்டு எழுதினார். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். கோமதி ஸ்டூலை விட்டு அசையவில்லை.

ஆறு ஊசி போட்டார்கள். இரண்டு கையிருப்பில் போனது, இரண்டு நகையில் போனது. பிறகு தறிக்கு வந்தது. படுத்துக் கிடந்த கோமதிக்கு நாலு தறிச் சத்தம் மூன்றானது கேட்டது, மூன்று இரண்டானதும் கேட்டது. "பெல்ட் அறுந்துபோச்சு, ஆள் வரணும்," என்றார் ஆவுடையப்பன். "சரிங்க," என்றாள். மிச்சத் தறி இரண்டும் பாங்கின் பிடியில் இருந்தன, விற்க வழியில்லை.

ஏழாவது ஊசிக்குப் பஸ்ஸில் போனார்கள். ஆஸ்பத்திரி வாசல் வேப்பமரத்தடியில் அவளை உட்காரவைத்துவிட்டு உள்ளே போனவர் பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தார். "டாக்டர் லீவாம்." டாக்டரின் கார் எதிரேயே நின்றது. அவள் அதைப் பார்த்தாள், பிறகு எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். திரும்பும் வழியில் பஸ்ஸில் அவருக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாள். அதற்கப்புறம் ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று தடவை போன் வந்தது. அவர் எடுக்கவில்லை. பதினைந்தாயிரத்துக்குக்கூட வழியில்லை, எடுத்து என்ன சொல்வார்?

எட்டு மாதத்தில் நோய் ஈரலுக்குப் போனது. அண்ணன் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வந்த அன்றைக்குத்தான் அவள் வாய் திறந்தாள்.

"நம்ம நாட்டு மருந்து பதினெட்டு ஊசிக்கு ரெண்டு லட்சத்து எழுபதாயிரம் அண்ணே. போட்ட ஆறு ஊசிக்கும் அதே ரெண்டு எழுபதுதான். எங்க வசதிக்கு ஆறுக்கு மேல தாங்காதுன்னு ஸ்டூல்ல இருக்கும்போதே கணக்குப் போட்டுட்டேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாம்லா?"

"உன் முன்னால அவுகள எப்படிண்ணே விட்டுக்கொடுக்க?"

அந்த ஆடியில் கோமதி போய்ச் சேர்ந்தாள். பிறந்த வீட்டுக் கோடித் துணியாகச் சங்கரபாண்டி ஒரு பட்டுச்சேலை கொண்டுவந்து தங்கச்சி மேல் போர்த்தினார். அவசரத்தில் விலைச்சீட்டைக் கிழிக்க மறந்திருந்தார்கள். தலைமாட்டில் நின்ற ஆவுடையப்பன் அதைப் படித்தார். பதினைந்தாயிரம்.

இப்போது சொல்லுங்கள். டாக்டர், கணவர், அண்ணன், கோமதி. அன்றைக்கு அந்த அறையில் வாய் திறந்திருக்க வேண்டியவர் யார்?

விடை: ஆவுடையப்பன் என்று அவசரப்படாதீர்கள். அவர் வீம்பு பேசினார், உண்மைதான். ஆனால் அது ஒரே ஒரு ஆளுக்காகப் பேசிய வீம்பு. மச்சான் வெளியே நின்றிருந்தால் பதினைந்தாயிரம் ஊசியைத்தான் கேட்டிருப்பார். டாக்டர் இன்னொரு தடவை தனியாகக் கேட்டிருக்கலாம், கணக்குத் தெரிந்தவளை முன்னால் அழைத்துக் கேட்டிருக்கலாம். அந்தக் குறை அவரைச் சேர்ந்தது. கோமதி புருஷன் மானத்தைப் பார்த்தாள். அதைவிட அவள் உயிர் பெரிது என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. "நம்ம நாட்டு மருந்தே போதும் மாப்ள" என்று சொல்லி, யார் மானமும் போகாமல் காரியத்தை முடிக்கக்கூடிய வாய் அங்கே அண்ணனுடையது ஒன்றுதான். அதற்கு அவர் ஒரு ரூபாய்கூடக் கொடுத்திருக்க வேண்டாம். வாயைத் திறந்தால் பையையும் திறக்க வேண்டிவருமோ என்று பயந்து காலண்டர் பார்த்தார். இன்றைக்கும் மண்டியில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் சொல்கிறார்: "தங்கச்சிக்கு மாப்ள ஒரு கொறையும் வைக்கல. உசந்த மருந்துதான் போட்டாரு."