மேற்படி என்று ஒருவர்

கார்வயல் நாட்டு அரண்மனையில் வாசல்கள் அதிகம். திருட்டும் அதிகம். அதனால் சொக்கவர்ம ராஜா ஒரு கட்டளை போட்டார்.

"ஆளுக்கொரு பித்தளை வில்லை. அவரவர் விரும்பும் பெயரை அதில் பொறித்துக் கொடுங்கள். வில்லையில் இருக்கும் பெயர்தான் ஆள். காவலர்கள் முகம் பார்க்கக் கூடாது."

பொறிக்கும் பொறுப்பு முத்திரை அதிகாரி காளத்தியப்பருக்கு. சபையில் வேடிக்கையாகப் பேசி ராஜாவைச் சிரிக்கவைக்கும் வெண்காடரை அவருக்குக் கட்டோடு பிடிக்காது.

முதல் வில்லையில் தன் பெயரையே பொறித்துக்கொண்டார். அடுத்து நின்றவர் வெண்காடர்.

"என்ன பெயர் போடட்டும்?"

"சமையற்கட்டில் என்னை வெண்காடர் என்பார்கள். லாயத்தில் புலவர் என்பார்கள். எல்லா வாசலுக்கும் பொருந்துகிற மாதிரி ஒன்று போடுங்கள்."

காளத்தியப்பர் தலையாட்டினார். 'மேற்படி' என்று பொறித்துக் கொடுத்தார்.

அன்று வெண்காடருக்கு ஒரு வாசலும் திறக்கவில்லை. களஞ்சியத்திலும் அரிசி கிடைக்கவில்லை.

"மேற்படி என்று எனக்கு யாரையும் தெரியாது" என்றான் களஞ்சியக் காவலன். தினமும் அவரோடு வெற்றிலை போடுகிறவன்.

வீட்டில் மனைவி செண்பகம் உலையை இறக்கி வைத்தாள். "பெயரை மாற்றச் சொல்லுங்களேன்."

"எதற்கு? நல்ல பெயர்தான். பசித்த பிறகுதான் அர்த்தம் புரிகிறது."

மறுநாள் காலை மறுபடி களஞ்சியத்துக்குப் போனார்.

"மேற்படி என்றால் மேலே சொன்னவர். எனக்கு முன்னால் வில்லை வாங்கியவர் யார்?"

"காளத்தியப்பர்."

"அப்படியானால் நான்தான் அவர்."

காவலன் யோசித்தான். முகம் பார்க்கக் கூடாது. அரிசியை அளந்து போட்டான்.

உச்சிவேளைக்குள் காளத்தியப்பரின் அரிசி, நெய், பல்லக்கு எல்லாம் கைமாறிவிட்டன. அவர் நடந்தே சபைக்கு வந்தார். அவருடைய ஆசனத்தில் வெண்காடர் உட்கார்ந்திருந்தார்.

காளத்தியப்பர் முறையிட்டார். ராஜா வெண்காடரின் வில்லையை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"இதைப் பொறித்தது யார்?"

"அடியேன்தான்."

"ஒரு மனிதரைப் பெயரில்லாமல் ஆக்கிப் பட்டினி போட்டிருக்கிறீர். முத்திரை அதிகாரிக்குப் பத்துக் கசையடி!"

சேவகன் சாட்டையோடு வந்தான். காளத்தியப்பர் அலறினார்.

"மகாராஜா! அவரும் நான்தானாமே! என் அரிசியை வாங்கினார், நெய்யை வாங்கினார். அடியிலும் பாதி வாங்கட்டும்!"

ராஜாவுக்கு அது நியாயமாகவே பட்டது. "என்ன சொல்கிறீர், வெண்காடரே?"

வெண்காடர் எழுந்து வணங்கினார்.

"அடி என்பது கீழே இருப்பது, மகாராஜா. நான் மேற்படி."

ராஜா சிரித்த சிரிப்பில் சாட்டை வந்த வழியே திரும்பிப் போயிற்று. வெண்காடருக்கு வெள்ளியில் புது வில்லை கொடுக்கச் சொன்னார். அதைக் காளத்தியப்பர்தான் பொறித்தார். கடைசி எழுத்து முடியும்வரை ராஜா பக்கத்திலேயே நின்றார்.