மடக்கத் தெரிந்த தசை

எலும்பு அறுவை சிகிச்சையில் எட்டு வருடம் கை பழகிய பிறகுதான் இன்னாசி புற்றுநோய் மருத்துவமனைக்கு வந்து டாக்டர் வேதவல்லியிடம் சேர்ந்தார். இன்னாசிக்கு எதையும் காரணத்தோடு தெரிந்துகொள்ள வேண்டும்.

மாசிலாமணி மணப்பாறைப் பக்கத்து லைன்மேன். வயது நாற்பத்தெட்டு. வலது தொடையின் முன்பக்கம் ஒரு கட்டி. வலிக்கவில்லை என்று விட்டுவிட்டார். நான்கே மாதத்தில் அது தேங்காய் அளவு ஆகிவிட்டது. சதையில் வரும் புற்றுநோய், வேகமாக வளரும் வகை என்று பரிசோதனையில் தெரிந்தது. ஐந்து வாரம் கதிர்வீச்சு கொடுத்து, ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள்.

"மேடம், கட்டியைச் சுத்தி உறை மாதிரி ஒண்ணு ஸ்கேன்ல தெரியுது. அதை ஒட்டியே உரிச்சு எடுத்தா தசை மிஞ்சும்" என்றார் இன்னாசி. "கம்பம் ஏறிப் பிழைக்கிற மனுஷன்."

"அந்த உறைக்குள்ளேயும் நோய் இருக்கும் இன்னாசி. சுத்தியிருக்கிற நல்ல சதையோட சேர்த்துத்தான் எடுக்கணும். நாளைக்குக் கட்டி என் கண்ணுல பட்டா, நான் தோத்துட்டேன்னு அர்த்தம்."

மறுநாள் ஆபரேஷன் ஐந்து மணி நேரம் ஆனது. முன்தொடைத் தசை முழுவதையும் எடுக்க வேண்டியதாயிற்று. இன்னாசி அதை இரண்டு கையாலும் ஏந்தினார். எந்தப் பக்கம் திருப்பினாலும் நல்ல சதைதான் தெரிந்தது. உள்ளே இருந்த கட்டியை யாரும் பார்க்கவில்லை.

பிறகு வேதவல்லி பின்தொடையிலிருந்து இரண்டு தசைகளைப் பிரித்து, முன்னால் கொண்டுவந்து முழங்கால் சில்லோடு சேர்த்துத் தைத்தார்.

"பிறந்ததுலேருந்து இதுக்குக் காலை மடக்க மட்டும்தான் தெரியும். நீட்ட யார் மேடம் சொல்லிக்கொடுப்பாங்க?"

"கட்டுப் பிரிச்சதும் தினமும் அவர் பக்கத்துல போய் உட்காருங்க" என்றார் வேதவல்லி.

ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்து, பயிற்சிக்காக வார்டில் வைத்துக்கொண்டார்கள்.

"திரும்ப வருமா சார்?" முதல் நாளே கேட்டார் மாசிலாமணி.

"வரலாம். நுரையீரல்லயும் வரலாம். மூணு மாசத்துக்கு ஒருதடவை பார்த்துக்கிட்டே இருக்கணும்."

மாசிலாமணி போர்வையை விலக்கினார். "சரி. காலைத் தூக்க என்ன செய்யணும், அதைச் சொல்லுங்க."

இன்னாசிக்கே அது தெரியாது. "முயற்சி பண்ணுங்க" என்றார்.

மாசிலாமணி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தொங்கும் காலையே பார்த்துக்கொண்டிருப்பார். நெற்றியெல்லாம் வியர்த்துவிடும். பாதம் அசையாது. இரண்டு வாரம் இப்படியே போனது.

பதினேழாம் நாள் பாதம் ஒரு விரற்கடை உயர்ந்தது. நின்றது. மெல்ல இறங்கியது.

"என்ன பண்ணினீங்க?" இன்னாசி குனிந்து கேட்டார்.

"தெரியல சார். மடக்கத்தான் நெனச்சேன். நீண்டுச்சு."

மறுபடி செய்தார். இம்முறை இரண்டு விரற்கடை.

இன்னாசி இரண்டு மாடி இறங்கி ஓடினார். வேதவல்லியின் அறைக்குள் கதவைத் தட்டாமலே நுழைந்தார்.

"காலை நீட்டிட்டார். அதே நரம்பு. அதே தசை. அதுக்கு எப்படி மேடம் தெரிஞ்சுது?"

வேதவல்லி எழுதிக்கொண்டிருந்ததை மூடிவிட்டு எழுந்தார்.

"இருபத்திரண்டு வருஷமா நானும் ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் உட்கார்ந்து பார்க்கிறேன். எனக்கும் தெரியல. வாங்க, இன்னொரு தடவை தூக்கச் சொல்லுவோம்."